சம்பளக் கணக்கு மாதாமாதம் வரித்துறைக்குப் போகும்போது வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு இன்னும் எதற்கு?

பிரிட்டனில் வேலையின்மை விழுக்காட்டைத் தரும் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023 அக்டோபரில் வெளியாகாமல் நின்றுபோனதைப் பற்றிப் படித்த ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: அங்கே ஒவ்வொரு நிறுவனமும் சம்பளம் போடும் நாளிலேயே அந்தக் கணக்கை வரித்துறைக்கு அனுப்பிவிடுகிறது, நாட்டில் சம்பளம் வாங்கும் எல்லாருடைய விவரமும் ஒரே இடத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, சில ஆயிரம் வீடுகளைத் தேடிப்பிடித்து, பதில் சொல்ல விருப்பமில்லாதவர்களைக் கெஞ்சிக் கேட்டு, அதிலிருந்து நாட்டின் நிலையை ஊகிக்கும் பழைய வழக்கத்தை ஏன் கைவிடக் கூடாது?

கேள்வி நியாயமானது. அந்தக் கணக்கெடுப்பில் பதில் அளித்த வீடுகள் அப்போது சுமார் 17 விழுக்காடாகக் குறைந்திருந்தன. ஆறு வீட்டில் ஒன்று மட்டும் பதில் சொல்லும் ஆய்வை நம்பி வட்டி விகிதத்தை முடிவு செய்வது எவ்வளவு சங்கடம் என்று பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநர் ஆண்ட்ரூ பெய்லியே வெளிப்படையாகப் பேச நேர்ந்தது. ஆனாலும் என் பதில், கைவிட முடியாது என்பதுதான். சம்பளப் பதிவு ஒரு கேள்விக்கு மிக நன்றாகப் பதில் சொல்லும். வேலையின்மை என்பது அந்தக் கேள்வி அல்ல. அதோடு, 'நிகழ்நேரம்' என்ற அடைமொழி பதிவு வந்து சேரும் வேகத்தைக் குறிக்கிறதே ஒழிய, அதிலிருந்து வெளியாகும் எண்ணின் உறுதியைக் குறிப்பதில்லை. இந்த இரண்டையும் விளக்க, பதிவு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறை பிரிட்டனில் 1944இல் வந்தது. பிடித்தம் மாதாமாதமோ வாராவாரமோ நடந்தாலும், யாருக்கு எவ்வளவு என்ற ஆள்வாரி விவரம் பல பத்தாண்டுகளாக ஆண்டு முடிவில்தான் வரித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012 ஏப்ரலில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2013 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கட்டாயமான நிகழ்நேரத் தகவல் முறை அதை மாற்றியது. சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ, ஊழியரின் பெயர், பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண், கொடுத்த தொகை, பிடித்த வரி, சம்பளம் வாரமா மாதமா என்ற விவரம், புதிதாகச் சேர்ந்தவரா விலகியவரா என்ற குறிப்பு ஆகியவை மென்பொருள் வழியே போய்விட வேண்டும். புள்ளிவிவரத்துக்காக இப்படிச் செய்யவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வரி வசூலைச் சீர்படுத்துவதும், அதே 2013இல் அறிமுகமான யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவித்தொகையை ஒருவருடைய அந்தந்த மாத வருமானத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பதுமே நோக்கம். புள்ளிவிவரம் அதன் துணைவிளைவுதான். 2019 டிசம்பரில்தான் வரித்துறையும் புள்ளிவிவர அலுவலகமான ஓஎன்எஸ்ஸும் சேர்ந்து இந்தப் பதிவுகளிலிருந்து ஊழியர் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் சோதனை முயற்சியாக வெளியிடத் தொடங்கின.

வேறொரு காரியத்துக்காக உருவான பதிவைப் புள்ளிவிவரமாக மாற்றும்போது முதலில் இடிப்பது தேதி. வரித்துறைக்குத் தெரிவது பணம் கைமாறிய நாள். பொருளாதாரத்துக்கு வேண்டியது அந்தப் பணம் எந்த நாள்களின் உழைப்புக்கு உரியது என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இது அற்பமான வேறுபாடாகத் தோன்றும். அது எவ்வளவு பெரிய சிக்கலாக முடியும் என்பதற்கு நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே சான்று. மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, மாதக் கடைசி சனி ஞாயிறில் விழுந்தால், சம்பளம் வெள்ளிக்கிழமையே வந்துவிடும். யுனிவர்சல் கிரெடிட்டுக்கான அவருடைய மதிப்பீட்டு மாதம், அதாவது வருமானத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் மாதம், அந்தத் தேதியை ஒட்டித் தொடங்கினால், ஒரு மாதத்தில் இரண்டு சம்பளமும் இன்னொரு மாதத்தில் சம்பளமே இல்லாமலும் பதிவாகும். உதவித்தொகை தாறுமாறாக ஏறி இறங்கும். குழந்தைகளைத் தனியே வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்த நான்கு தாய்மார் இதை எதிர்த்து வழக்காடினர். 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர்களுடைய வேலையோ சம்பளமோ ஒரு பைசாகூட மாறவில்லை. மாறியது பணம் வந்த தேதி மட்டும்.

இதே சிக்கல் சம்பளப் பட்டியலில் உள்ள சுமார் 3 கோடிப் பேருக்கும் உண்டு என்பதால், ஓஎன்எஸ் ஒவ்வொரு தொகையையும் அது உரிய நாள்களுக்குப் பிரித்துப் போடுகிறது. வாரச் சம்பளமானால் ஏழு நாள், நான்கு வாரச் சம்பளமானால் இருபத்தெட்டு நாள் என்று பரப்பி, பிறகு அந்த நாள்களை நாள்காட்டி மாதங்களாகத் திரட்டுகிறது. இப்படிப் பரப்பாமல் பணம் வந்த தேதியை மட்டும் வைத்து எண்ணினால், ஐந்து வெள்ளிக்கிழமை உள்ள மாதத்தில் வாரச் சம்பளக்காரர்கள் திடீரெனப் பணக்காரர்களாகிவிட்டது போலத் தெரியும். இதே குழாயில் தனியார் ஓய்வூதியத் தொகைகளும் வருவதால் அவற்றை நீக்க வேண்டும். ஒருவரே இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொண்டு ஒரே ஆளாகச் சேர்க்க வேண்டும். ஆக, 'பதிவை அப்படியே எண்ணினால் போதும்' என்ற எண்ணம் முதல் படியிலேயே அடிபட்டுப் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது. முடிவு மாறினால் எண்ணும் மாறும்.

அடுத்தது வேகம். பெருந்தொற்று பரவத் தொடங்கியபின், 2020 ஏப்ரலில், மாதம் முடிந்த சில வாரங்களிலேயே அந்த மாதத்துக்கான முன்னோடி மதிப்பீடு ஒன்றையும் வெளியிடத் தொடங்கினார்கள். கணக்கெடுப்பு மூன்று மாதச் சராசரியாக, அதுவும் தாமதமாக வருவதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த முன்னோடி எண், வரவேண்டிய தகவலில் சுமார் 85 விழுக்காடு மட்டுமே கையில் இருக்கும்போது கணிக்கப்படுவது. மீதியை நிரப்புவதில்தான் முழுக் கஷ்டமும் இருக்கிறது. போன மாதம் சம்பளம் வாங்கிய ஒருவருடைய பதிவு இந்த மாதம் இன்னும் வரவில்லை என்றால், அவர் வேலையை விட்டுவிட்டாரா, அல்லது நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை அனுப்பத் தாமதித்துவிட்டாரா? புதிதாகச் சேர்ந்து முதல் சம்பளம் இன்னும் பதிவாகாதவரைப் பற்றியோ அந்த நேரத்தில் எந்தத் தடயமும் இருக்காது. பழைய மாதங்களின் போக்கை வைத்து மதிப்பிட்டுத்தான் இந்த இடங்களை நிரப்புகிறார்கள். போக்கு மாறும் காலத்தில்தான் அந்த மதிப்பீடு தடுமாறும், எல்லாரும் எண்ணைக் கூர்ந்து கவனிப்பதும் அதே காலத்தில்தான்.

2025இல் நடந்தது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அந்த ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டு வரி 15 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்டுச் சம்பளத்தில் 9,100 பவுண்டுக்கு மேல் என்றிருந்த வரம்பு 5,000 பவுண்டாகத் தாழ்ந்தது. வேலைவாய்ப்பு அடிவாங்குமா என்று எல்லாரும் காத்திருந்த வேளையில், மே மாதத்தில் மட்டும் சம்பளப் பட்டியலிலிருந்து 1,09,000 பேர் குறைந்துவிட்டதாக ஜூனில் முதல் மதிப்பீடு வந்தது. தலைப்புச் செய்தி, நாடாளுமன்ற வாக்குவாதம், வட்டி குறையும் என்ற சந்தை ஊகம் என எல்லாம் அதன்மேல் எழுந்தன. அடுத்த மாதம் கூடுதல் பதிவுகள் வந்து சேர்ந்தபின் அதே மே மாதச் சரிவு 25,000 எனத் திருத்தப்பட்டது. சரிவு இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆனால் முக்கால் பங்கு காணாமல் போனது. இதை ஓஎன்எஸ் செய்த பிழை என்று நான் சொல்லமாட்டேன். இது தற்காலிக எண், திருத்தம் வரும் என்று அவர்கள் எழுதித்தான் வெளியிட்டார்கள். 3 கோடியில் 1,09,000 என்பது ஏறத்தாழ 0.4 விழுக்காடு, மொத்த எண்ணிக்கைக்கு மிகச் சிறிய பிழையானாலும் மாதாந்திர மாற்றத்தோடு ஒப்பிடும்போது அது மலைபோல் ஆகிவிடும். செய்தியில் வருவதோ எப்போதும் மாற்றம்தான்.

இனி, கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 2020 ஜூன் 16 அன்று வெளியான எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சம்பளப் பதிவின் முதல் மதிப்பீட்டின்படி மார்ச்சுக்கும் மேக்கும் இடையே 6 லட்சத்து 12 ஆயிரம் பேர் பட்டியலிலிருந்து குறைந்திருந்தனர். அதே நாளில் கணக்கெடுப்பு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்துக்கு, வேலையின்மை 3.9 விழுக்காடு, பெரிய மாற்றமில்லை என்றது. காலம் சற்று முன்பின்னாக இருந்தது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, இரண்டும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டன என்பது. கடை மூடிக் கிடக்கிறது, சம்பளம் வரவில்லை, திறந்ததும் கூப்பிடுவார்கள் என்று நம்பிக் காத்திருந்த ஒருவர், 'உங்களுக்கு வேலை இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது, இப்போதைக்குப் போகவில்லை' என்பார். கணக்கெடுப்பு அவரை வேலையில் உள்ளவராகவே எடுத்துக்கொள்ளும். சம்பளப் பதிவில் அவர் இல்லை. மறுபக்கம், அரசு உதவியோடு வீட்டிலிருத்தப்பட்டுச் சம்பளம் வாங்கியவர்கள் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்காவிட்டாலும் பதிவில் முழு ஊழியர்களாக நின்றார்கள். அந்தத் திட்டம் 2021 செப்டம்பர் வரை நீடித்ததால், பட்டியலின் நீளத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு உழைப்பு எவ்வளவு குறைந்தது என்பது தெரியவே வாய்ப்பில்லை.

வேலையில்லாதவர் என்பதற்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறை மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: வேலை இல்லை, கடந்த நான்கு வாரங்களில் தேடியிருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். இவற்றில் முதலாவதை மட்டும் சம்பளப் பதிவு பாதியளவுக்குக் காட்டும். பட்டியலிலிருந்து மறைந்தவர் வேலை தேடுகிறாரா, படிக்கப் போய்விட்டாரா, நோயில் படுத்திருக்கிறாரா, ஓய்வு பெற்றாரா, நாட்டைவிட்டுப் போய்விட்டாரா, சொந்தமாகத் தொழில் தொடங்கினாரா என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். பெருந்தொற்றுக்குப் பின் பிரிட்டனில் நடந்துவரும் பெரிய விவாதமே, நீண்டநாள் நோயால் வேலைச் சந்தையிலிருந்து விலகியவர்கள் எத்தனை பேர் என்பதுதான். அதைப் பற்றிச் சம்பளப் பதிவில் ஒரு வரியும் கிடையாது. சுயதொழில் செய்பவர்களும் அதில் அடங்கமாட்டார்கள்.

வேலை நேரமும் அதில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். படிவத்தில் வேலை நேரத்துக்கு ஓர் இடம் உண்டு; ஆனால் அது 16 மணிக்குக் குறைவு, 16 முதல் 24க்குக் குறைவு, 24 முதல் 30க்குக் குறைவு, 30 அல்லது மேல், மற்றவை என்ற சில வகைகளில் ஒன்றைக் குறிப்பது மட்டும்தான். ஒருவருடைய மாதச் சம்பளம் உயர்ந்தது என்று தெரிந்தாலும், அது கூலி உயர்ந்ததாலா, கூடுதல் நேரம் உழைத்ததாலா என்று பிரிக்க முடியாது. துல்லியமான மணிக்கணக்கைக் கேட்கும் திட்டம் ஒன்று இருந்தது; நிறுவனங்களுக்குச் சுமை என்று எதிர்ப்பு வந்ததால் முதலில் 2026க்குத் தள்ளி, பிறகு 2025இல் கைவிட்டார்கள். எனக்கு இது வருத்தமான முடிவாகவே படுகிறது, ஆனால் புரிந்துகொள்ளக்கூடியது. வரி வசூலிக்க மணிக்கணக்கு தேவையில்லை. தேவையில்லாத கட்டத்தை யாரும் அக்கறையோடு நிரப்பமாட்டார்கள். நிர்வாகப் பதிவுகளைக் கையாள்பவர்கள் எல்லாரும் கற்றுக்கொள்ளும் உண்மை இது: பணத்தோடு பிணைந்த கட்டம் சரியாக இருக்கும், மற்றவற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். போனஸும் அப்படித்தான். அது சம்பளத்தோடு கலந்தே வருவதால், மாதாந்திர வெளியீட்டில் சராசரியைவிட இடைநிலைச் சம்பளத்துக்கு, அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய சம்பளத்துக்கு, முதன்மை தருகிறார்கள். போனஸை நீக்கிய வளர்ச்சி வேண்டுமானால் சுமார் 9,000 நிறுவனங்களைக் கேட்டு எடுக்கும் தனி ஆய்வையே நாட வேண்டும்.

இன்னொரு குழப்பம், உழைப்பு மாறாமலே பட்டியல் நீளுவது. ஒப்பந்தக்காரராக விலைப்பட்டியல் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்களை ஊழியர்களைப் போலவே வரிக்கு உட்படுத்தும் விதி 2021 ஏப்ரலில் பிரிட்டனின் தனியார் துறைக்கு விரிவுபடுத்தப்பட்டபோது, அதே மேசையில் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பலர் சம்பளப் பட்டியலுக்கு மாறினார்கள். பதிவுக்கு அவர்கள் புதியவர்கள், பொருளாதாரத்துக்கு அல்ல.

இந்திய வாசகர்களுக்கு இது மிகவும் பழகிய சிக்கலாக இருக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி அமைப்பான ஈபிஎஃப்ஓ 2018 ஏப்ரலிலிருந்து மாதந்தோறும் வெளியிடும் எண்ணைப் பல செய்திகள் 'இத்தனை லட்சம் புதிய வேலைகள்' என்று எழுதுகின்றன. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே பிஎஃப் கட்டாயம். 19 பேரோடு நடந்துகொண்டிருந்த ஒரு பின்னலாடைப் பட்டறை இன்னும் ஒருவரைச் சேர்த்தால், உருவானது ஒரு வேலை. பதிவில் இருபது பேர் புதிதாகத் தோன்றலாம். அந்த எண் பயனற்றது என்பதல்ல; முறைசார்ந்த துறைக்குள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு அது நல்ல அளவுகோல். பெரும்பாலோர் சம்பளச் சீட்டே இல்லாமல் உழைக்கும் நாட்டில் வேலைவாய்ப்பை அறிய, 2025 மே முதல் மாதந்தோறும் வெளியாகும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பதிவும் கணக்கெடுப்பும் போட்டியாளர்களா என்றால், நடைமுறையில் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. 2020 மார்ச்சில் நேர்முகப் பேட்டிகள் தொலைபேசிக்கு மாறியபோது, வாடகை வீட்டில் இருப்பவர்களும் வெளிநாட்டில் பிறந்தவர்களும் மாதிரியில் குறைந்து போனார்கள். எத்தனை பேர் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று தெரியாததால் கணக்கெடுப்பின் எடைகள், அதாவது ஒரு பதிலை நாட்டில் எத்தனை பேருக்குச் சமமாகக் கொள்வது என்ற எண்கள், பிசகின. 2021 ஜூலையில் அவற்றைத் திருத்தியபோது, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள், பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்ற பிரிவுகளின் ஏற்றத்தாழ்வை அறியச் சம்பளப் பதிவையே பயன்படுத்தினார்கள். 2023 அக்டோபரில் கணக்கெடுப்பு நின்றபோதும், பழைய மதிப்பீட்டை எடுத்து, வேலையில் உள்ளோர் எண்ணிக்கையைச் சம்பளப் பதிவின் வளர்ச்சியைக் கொண்டும், வேலையின்மையை உதவித்தொகை கோருவோர் எண்ணிக்கையைக் கொண்டும் நகர்த்தித்தான் 2024 பிப்ரவரி வரை சமாளித்தார்கள். சமாளித்தார்கள் என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். நகர்த்துவதற்கு ஒரு தொடக்கப் புள்ளி தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது அந்தப் பழைய கணக்கெடுப்பு.

மற்ற நாடுகளிலும் இதே உறவு வெவ்வேறு வடிவில் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலையில் பெரிய நிறுவனங்களுக்கும் அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கும் வந்த சம்பள அறிவிப்பு முறையைக் கொண்டு, 2020 ஏப்ரல் 21 அன்று அந்நாட்டுப் புள்ளிவிவர அமைப்பு, மார்ச் 14இல் முடிந்த வாரத்துக்கும் ஏப்ரல் 4இல் முடிந்த வாரத்துக்கும் இடையே வேலைகள் 6 விழுக்காடு குறைந்ததாகச் சொல்ல முடிந்தது. மூன்று வாரத்துக்குள் கிடைத்த விடை அது. வழக்கமான தொழிலாளர் கணக்கெடுப்பால் அந்த வேகம் முடியாது. ஆனால் அதை ஆள்களின் எண்ணிக்கையாக வெளியிடாமல், மார்ச் 14ஐ 100 என்று வைத்த குறியீடாகவே வெளியிட்டார்கள். நான் பார்த்தவற்றில் மிக நேர்மையான வடிவமைப்பு அதுதான்: ஏறியதா இறங்கியதா என்று சொல்லத் தெரியும், மொத்தம் எவ்வளவு என்று இன்னும் உறுதியில்லை என்பதை அட்டவணையே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே மாதாந்திர எண் நிறுவனங்களிடம் எடுக்கும் ஆய்விலிருந்து வருகிறது. வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகள் காலாண்டுக்கு ஒருமுறை, பல மாதத் தாமதத்தோடு வருகின்றன; அவற்றைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் அறிவித்த முதற்கட்டத் திருத்தம் 8,18,000 வேலைகளைக் கழித்தது. இறுதியில் அது 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. முழுமையான பதிவு, மிகத் தாமதம். திருத்தம் என்பதே சூழ்ச்சி என்று நினைக்கும் அரசியலில் எந்தத் திருத்தத்துக்கும் விலை உண்டு. 2025 ஆகஸ்ட் 1 அன்று, முந்தைய இரு மாதங்களின் எண்ணிக்கை 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்ட அன்றே, தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் தலைவரை அதிபர் டிரம்ப் பதவிநீக்கினார்.

நாளை இப்படியொரு எண்ணைச் செய்தியில் படிக்கும்போது, பிரிட்டனின் சம்பளப் பதிவைப் பொறுத்தவரை நான் பின்பற்றும் வழக்கத்தைச் சொல்கிறேன். கடைசி மாதத்தின் எண்ணை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய மாதத்தின் எண் போன வெளியீட்டிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு திருத்தப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். பிறகு மூன்று மாதப் போக்கு. வயது, மாவட்டம் ஆகியவற்றில் இந்தப் பதிவை மிஞ்ச எதுவும் இல்லை. மாவட்டம் என்பது வேலை பார்க்கும் இடத்தை அல்லாமல் ஊழியர் குடியிருக்கும் இடத்தைக் குறிக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. துறைவாரி எண்ணில் கொஞ்சம் தயங்குவேன், ஏனெனில் ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், சம்பளம் கொடுப்பது ஏஜென்சி என்பதால், உற்பத்தித் துறையில் சேராமல் நிர்வாக, துணைச் சேவைகள் என்ற பிரிவில்தான் எண்ணப்படுவார். வேலையின்மை விழுக்காட்டுக்கு, எவ்வளவு நலிந்திருந்தாலும், கணக்கெடுப்பைத்தான் திறப்பேன். திறந்ததும் பதில் அளித்தோர் விழுக்காடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவேன்.